நஞ்சு இருந்த இடம்

செவந்தி செருப்பைக் கழற்றாமலே ஆய்வகத்துக்குள் வந்தாள். வரவேற்பில் இருந்த பெண் "செருப்பு, செருப்பு" என்று பின்னாலேயே ஓடிவந்ததை அவள் கண்டுகொள்ளவில்லை. மாதிரி வாங்கும் மேஜைக்கு நேரே வந்து, கையிலிருந்த கட்டைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கடலை மிட்டாய்ப் பாக்கெட்டுகள் மேஜை முழுக்கச் சிதறி, நாலைந்து தரையிலும் விழுந்தன.

"எவ இங்க நுஸைபா?"

உள்ளறையிலிருந்து வெள்ளைக் கோட்டுடன் நுஸைபா வெளியே வந்தாள்.

"நாந்தாங்க. என்ன விஷயம், சொல்லுங்க."

"நீதானா? பாத்துக்க."

செவந்தி ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, மிட்டாயை வாயில் போட்டு நறுக்நறுக்கென்று கடித்தாள். மென்றுகொண்டே பேசினாள்.

"நஞ்சுன்னு கையெழுத்துப் போட்டியே, நல்லாப் பாரு. நான் செத்து விழுற வரைக்கும் இங்ஙனயே ஒக்காந்துருக்கேன். விழலைன்னா நீ எனக்குப் பதில் சொல்லணும்."

சொன்னபடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐம்பதை நெருங்கும் வயது. வெல்லப்பாகு பட்டுப் பட்டுத் தழும்பேறிய கைகள். கீரமங்கலத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கடலை மிட்டாய் போடுகிறவள். திருச்சியில் ஒரு பெரிய கடை அவர்கள் சரக்கை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஆய்வகச் சான்று ஒன்று மட்டும் கேட்டது. அதற்காகத்தான் அவள் மிட்டாயை இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். கிடைத்த ரிப்போர்ட்டில், அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டி இருக்கிறது என்று வந்திருந்தது. கீழே நுஸைபாவின் கையெழுத்து.

திருச்சிக் கடை கைகழுவியதோடு விஷயம் முடியவில்லை. யாரோ அந்த ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். கீரமங்கலத்திலேயே கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல வாங்கித் தின்ன புள்ளையளோட ஆத்தாமாரு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாளுக. எம் புள்ளைக்கு என்னடி குடுத்தேன்னு கேக்குறாளுக. நான் என்னத்தச் சொல்ல? கடலைய ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்து வறுக்குறோம். சொத்தைய எங்க வீட்டுக் கோழிக்குக்கூடப் போட மாட்டோம். நீ ஏசி ரூம்புல ஒக்காந்துக்கிட்டு நஞ்சுங்குற!"

நுஸைபாவுக்கு முகம் சுட்டது. மரியாதை இல்லாமல் பேசுகிறாளே என்பதால் அல்ல. சாஃப்ட்வேரை மாற்றியதிலிருந்தே அந்த மிஷின்மேல் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்தோடுதான் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தக் கையெழுத்து இப்போது எதிரில் உட்கார்ந்து மிட்டாய் மென்றுகொண்டிருப்பது போலிருந்தது.

அது எச்.பி.எல்.சி. என்கிற மிஷின். ஓர் ஊசி குப்பியிலிருந்து சொட்டுக் கரைசலை உறிஞ்சிக் கொடுக்கும். பம்ப் அதை அழுத்தி, பேனா நீளமுள்ள எஃகுக் குழலுக்குள் தள்ளும். கரைசலில் கலந்திருக்கும் பொருள்கள் அதற்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்து பிரியும். வெளியே வரும்போது ஒளிக்கண் ஒன்று அவற்றைப் பார்த்துத் திரையில் மேடு மேடாக வரையும். மேடு எங்கே எழுகிறது என்பதை வைத்து அது எந்தப் பொருள் என்றும், எவ்வளவு பெரியது என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். புதுக்கோட்டை வட்டாரத்துக் கடலை, எண்ணெய், தீவனம் எல்லாம் அந்த மிஷின் வழியாகத்தான் பல வருஷமாகப் போய்க்கொண்டிருந்தன. அதுவும் குறை சொல்ல முடியாதபடி உழைத்துக்கொண்டிருந்தது.

அதை இயக்கிய பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவதென்று முடிவு செய்தவர் ஆய்வகத்தின் முதலாளி நிலவழகன். அவரும் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்தான். நாலு கம்பெனியின் நாலு மிஷின்களையும் ஒரே சாஃப்ட்வேரில் ஓட்டலாம், தணிக்கைக்கு வருகிறவர்கள் மெச்சுவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நுஸைபா அப்போதே சொன்னாள்.

"மாத்தலாம் சார், வேண்டாங்கல. ஆனா கொஞ்ச நாளைக்குப் பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். ஒரே சாம்பிளை ரெண்டுலயும் போட்டு ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் பழச எடுப்போம்."

"அதுக்கெல்லாம் நேரம் ஏதும்மா? ஊர் ஒலகத்துல எல்லாரும் மாத்திட்டான். நீங்க மட்டும் பயந்துக்கிட்டு இருக்கீங்க."

சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்தார். பழைய செய்முறைகளை எல்லாம் ஒரே அமுக்கில் புதியதற்குள் இழுத்துப் போட்டார். முன்பெல்லாம் மாதிரிக்கும் மாதிரிக்கும் நடுவே வெறும் கரைசலை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். இன்ஜினியர் போட்டுத் தந்த வரிசையில் அது இல்லை. கேட்டதற்கு, "ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் கூடும் பாருங்க மேடம்" என்றார். நிலவழகனுக்கு அது பிடித்துப்போயிற்று.

அவர் போன மறுநாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்ப் திரையிலிருந்து காணாமல் போகும். 'தயார் இல்லை' என்று சிவப்பு விளக்கு எரியும். கேபிளைப் பிடுங்கிச் செருகி, முகவரி எண்ணை மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, நுஸைபாவும் அவளுக்கு உதவியாக இருந்த ஷர்லியும் அதோடு மல்லுக்கட்டியே அலுத்துப்போனார்கள். அந்த அலுப்பில் இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. தேறாத மாதிரிகள் கூடிக்கொண்டே வந்தன. அறுவடை நேரத்தில் மழை பெய்த வருஷம், கடலை ஈரம் கோத்திருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

நிலவழகன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். செவந்தியிடம் இரண்டு கையையும் கூப்பினார்.

"கோபப்படாதீங்கம்மா. மிச்ச சாம்பிள் எங்ககிட்டதான் இருக்கு. இன்னைக்கே திரும்பவும் பாத்துருவோம்."

பார்த்தார்கள். நுஸைபா தன் கையாலேயே மிட்டாயைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி மிஷினில் போட்டாள். மிட்டாய் பரிசுத்தமாக இருந்தது. நஞ்சு எழும்ப வேண்டிய இடத்தில் திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

ஒரே பாக்கெட். முதலில் நஞ்சு, இப்போது ஒன்றுமில்லை. நிலவழகன் திரையை ஒரு கணம் பார்த்தார்.

"மொதல்ல பண்ணது யாரு?"

"ஷர்லி சார். ஆனா..."

"பாத்திரத்தைச் சரியாக் கழுவியிருக்க மாட்டா. வேற என்ன?"

"மிஷினையும் பாக்கணும் சார்."

"மிஷின் இப்ப ஒழுங்கா ரிசல்ட் குடுத்துருச்சே. அப்புறம் மிஷினை என்ன பாக்குறது?"

அத்தனை பேர் முன்னாலும் ஷர்லியைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஷர்லி ஆவூர்ப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குடுவையை ஒரு தடவைக்கு மூன்று தடவை அலசுகிறவள். வடிதாளை மடிப்பதில்கூட நறுவிசு பார்ப்பவள்.

"ஒன்னால ஒரு குடும்பமே தெருவுல நிக்குது, தெரியுதா?" என்றார் நிலவழகன். "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

ஷர்லி நுஸைபாவைப் பார்த்தாள். "சார், அவ கழுவாம விடுற ஆள் இல்ல சார்" என்று நுஸைபா சொன்னாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டார். ஷர்லி கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

செவந்தியிடம் நிலவழகன் சொன்னது இன்னும் மோசம்.

"புதுசா ஒரு சாம்பிள் குடுத்துட்டுப் போங்கம்மா. புது ரிப்போர்ட் தர்றோம். பழைய ரிப்போர்ட் பழசாவே இருக்கட்டும். அது அந்தச் சாம்பிளுக்கு, இது இந்தச் சாம்பிளுக்கு."

"அப்ப மொதல்ல குடுத்த மிட்டாயில நஞ்சு இருந்துச்சுங்குறியா, இல்லங்குறியா?"

"அப்படியெல்லாம் பிரிச்சுப் பேச முடியாதும்மா."

செவந்தி எழுந்தாள். "நான் சாகலையேடா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை.

நுஸைபாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கைக்கு இறங்கிவிடும். கையில் கோபம் இருக்கும்போது அவள் வேலை கத்தி வைத்து வெட்டினாற்போல இருக்கும். வீட்டில் அவள் கணவன் ஷேக் பரீதுக்கு இது தெரியும். அன்று சாயங்காலம் அவள் அடுப்படி மேடை முழுவதையும் சோடா மாவு போட்டுத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "யாரு மேல?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாரு மேலயும்," என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் குளிர்பெட்டியைத் திறந்தாள். சோதித்த கரைசல்களைச் சில வாரங்களுக்கு அதில் வைத்திருப்பது அவர்கள் வழக்கம். ஷர்லி தயாரித்த அதே குப்பி, மூடியில் ஊசி குத்திய துளையோடு, அங்கேயே இருந்தது. நஞ்சு இருக்கிறது என்று மிஷின் சொன்ன அதே குப்பி. ஷர்லி அழுக்குப் பாத்திரத்தில் கரைத்திருந்தால் அந்த அழுக்கு இந்தக் குப்பிக்குள்ளேதான் இருக்க வேண்டும். வேறு எங்கே போகும்?

குப்பியை மிஷினில் வைத்து ஓட்டினாள். திரையில் கோடு தரையோடு கிடந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை ஓட்டினாள். மறுபடியும் தரைதான்.

குப்பிக்குள் நஞ்சு இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. ஷர்லியின் கை சுத்தமாக இருந்தது என்பது அந்தத் தட்டையான கோட்டில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு பெண்ணை வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு குப்பியை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அந்தப் பெண் பதில் பேச மாட்டாள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் அந்த நஞ்சு எங்கிருந்து வந்தது?

அன்றைய ஓட்டத்தைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். செவந்தியின் மிட்டாய்க்கு நேர் முன்னால் ஓடியது ஒரு தீவன ஆலையின் புண்ணாக்கு. பச்சையாகப் பூசணம் பிடித்து நாறிய புண்ணாக்கு. அதன் மேடு திரையை முட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் புண்ணாக்குக் கரைசலையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். முதலில் அதை ஓட்டினாள். அடுத்தாற்போல ஒன்றுமே கலக்காத வெறும் கரைசலை ஓட்டினாள். வெறும் கரைசலில் எதுவும் எழும்பக் கூடாது.

சரியாக நஞ்சின் இடத்தில் ஒரு மேடு எழும்பியது. செவந்தியின் ரிப்போர்ட்டில் இருந்த அதே உயரம்.

உடனே சென்னை இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"முந்துன சாம்பிள் அடுத்ததுல ஒட்டிக்கிட்டு வருது. ஒங்க சாஃப்ட்வேர் போட்டதுலேருந்து."

"இல்ல மேடம், சாஃப்ட்வேர்ல அப்படி வராது. காலம் பழசாயிருக்கும். காலத்தை மாத்துங்க."

அந்த எஃகுக் குழலுக்கு ஆய்வகத்துப் பேச்சில் காலம் என்றுதான் பெயர். நுஸைபா காலத்தை மாற்றினாள். உறை பிரிக்காத புதுசு ஒன்றை எடுத்துப் பூட்டி, மறுபடியும் புண்ணாக்கு, மறுபடியும் வெறும் கரைசல். அதே மேடு.

"காலம் மாத்தியாச்சு. அப்படியேதான் வருது."

"அப்ப ஊசி தேஞ்சிருக்கும் மேடம். ரொம்பப் பழைய மிஷின். ஹார்டுவேருக்கு நாங்க பொறுப்பு இல்ல."

"தேஞ்ச ஊசி சாஃப்ட்வேர் மாத்துற அன்னைக்குப் பாத்தா தேயும்?"

"நான் சாயங்காலம் ரிமோட்ல வந்து பாக்குறேன் மேடம். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. தொட்டா வாரண்டி போயிடும்."

நுஸைபா போனை வைத்துவிட்டு, மேஜைக்கு அடியில் குனிந்தாள். பழைய கம்ப்யூட்டர் அங்கேதான் கிடந்தது, மேலே அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெட்டிகளைத் தள்ளி, அதை இழுத்து மேஜைமேல் வைத்தாள். புதியதின் கேபிளை மிஷினிலிருந்து பிடுங்கிப் பழையதில் செருகினாள். அது முக்கி முனகி உயிர் பெற்றது. பழைய சாஃப்ட்வேர் திறந்து மிஷினை அடையாளம் கண்டுகொண்டது. அதே ஊசி, அதே காலம், அதே புண்ணாக்கு. பின்னாலேயே வெறும் கரைசல்.

கோடு தரையோடு கிடந்தது.

இப்போது சந்தேகத்துக்கு இடமே இல்லை. மிஷின் ஒன்றுதான். ஆணையிடுகிறவன்தான் வேறு. பழையவன் என்ன சொல்கிறான், புதியவன் எதைச் சொல்லாமல் விடுகிறான்? ஊசி இருக்கும் அறைக்கு ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் உண்டு. நுஸைபா மொபைல் விளக்கைப் போட்டு அதில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பழைய சாஃப்ட்வேரில், ஊசி குப்பியிலிருந்து எழுந்ததும் பக்கத்திலிருந்த கழுவு கிண்ணத்துக்குப் போய் முங்கி எழுந்தது. அப்புறம்தான் கரைசலை மிஷினுக்குள் விட்டது. கேபிளை மாற்றிப் புதியதில் ஓட்டினாள். ஊசி எழுந்தது. கிண்ணத்தின் பக்கமே போகாமல் நேரே உள்ளே இறங்கியது.

கழுவவே இல்லை. அத்தனை நாளும், அத்தனை சாம்பிளுக்கும், ஒரு தடவைகூடக் கழுவவில்லை.

புதிய சாஃப்ட்வேரைப் பக்கம் பக்கமாகத் திறந்து தேடினாள். பம்ப் வேகம் வந்திருந்தது, வெப்பம் வந்திருந்தது, ஒளியின் அளவு வந்திருந்தது. ஊசி கழுவும் கட்டளை மட்டும் பழையதிலிருந்து வரவில்லை. அது வேறொரு பக்கத்தின் கோடியில், தனிப் பெட்டியாக, 'வேண்டாம்' என்று இருந்தது. அவள் 'வேண்டும்' என்று மாற்றி ஓட்டினாள். வெறும் கரைசல் சுத்தமாக வந்தது.

ஒரே ஒரு பெட்டி. கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நூல்கூட வரவில்லை.

நிலவழகன் அறைக்குப் போய் அவர் மேஜையில் போனை வைத்து, இன்ஜினியரை ஒலிபெருக்கியில் போட்டாள். கண்டதைச் சொன்னாள். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ஆமா மேடம்... இம்போர்ட் பண்ணும்போது மஞ்சக் கலர்ல ஒரு எச்சரிக்கை வரும். சில செட்டிங் வரலைன்னு. எல்லா இடத்துலயும் வரும். நாங்க ஓகே குடுத்துட்டுப் போயிருவோம்."

"என்னன்னு படிக்க மாட்டீங்களா?"

"நெறைய வரும் மேடம். படிச்சுக்கிட்டு இருந்தா வேலை முடியாது."

"இங்க ஒரு பொண்ணு வேலை முடிஞ்சிருச்சு. அது தெரியுமா ஒங்களுக்கு? கீரமங்கலத்துல பன்னெண்டு பேரு அடுப்பு அணைஞ்சு கெடக்கு. நீங்க ஒரு வரி படிக்கச் சோம்பேறித்தனப்பட்டு ஓகே குடுத்தீங்க!"

"மேடம், கொஞ்சம் புரொஃபஷனலாப் பேசுங்க."

நுஸைபா போனை அணைத்தாள். நிலவழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, கண்டுபிடிச்சுட்டீங்க. சந்தோஷம். அந்தப் பெட்டியை டிக் பண்ணிட்டீங்கள்ல? இனிமே சரியா வரும். இதோட விட்டுருவோம்."

"இதுவரைக்கும் போன ரிப்போர்ட் எல்லாம்?"

"யாரும் கேக்கலையே. கேட்டவங்களுக்கு மட்டும் மறுபரிசோதனைன்னு குடுத்துருவோம்."

"கேக்கத் தெரியாதவங்களுக்கு சார்? சாஃப்ட்வேர் மாத்துன நாள்லேருந்து, கெட்ட சாம்பிளுக்குப் பின்னால ஓடுன ஒவ்வொண்ணும் சந்தேகந்தான். அவ்வளவையும் திரும்ப வாங்கணும்."

"லேப் பேரு என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"செவந்தி பேரு என்னாச்சுன்னு யோசிச்சேன் சார். ஷர்லி பேரு என்னாச்சுன்னு யோசிச்சேன். அந்த ரிப்போர்ட்ல ஒங்க பேரு இல்ல. என் பேருதான் இருக்கு. எவ இங்க நுஸைபான்னு கேட்டுக்கிட்டு வந்துச்சு அந்தம்மா. நான் சொன்னப்பவே பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாத்திருந்தா இது மொத நாளே தெரிஞ்சிருக்கும். நடுவுல வெறும் கரைசல் ஓட்டியிருந்தாலும் தெரிஞ்சிருக்கும். ரெண்டையும் வேண்டாம்னு சொன்னது நீங்க."

"நுஸைபா, அளவோட பேசுங்க. இந்தச் சீட்டுக்கு ஆள் கெடைக்காதுன்னு நெனைக்காதீங்க."

"தாராளமாப் போடுங்க. வர்றவங்களுக்கு நான் பொறுப்பை ஒப்படைக்கும்போது இது அத்தனையும் சொல்லித்தான் ஒப்படைப்பேன். அதுவரைக்கும் இந்த லேப்லேருந்து ஒரு காகிதத்துலயும் என் கையெழுத்து விழாது."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து, சந்தேகப்பட்ட ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் உரியவர்களுக்குத் தன் பெயரிலேயே மின்னஞ்சல் எழுதினாள். ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறும் அதிகாரம் கையெழுத்துப் போட்டவளுக்கு உண்டு என்பது அந்த ஆய்வகத்தின் சொந்த விதி. எழுதியவர் நிலவழகனே. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தபோது, கடைசி மின்னஞ்சலும் போய்விட்டது.

அவர் கத்தினார். பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. திட்டினார்கள். சிலர் வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டார்கள். ஓர் எண்ணெய் ஆலைக்காரர் மட்டும், நீங்களாகவே சொன்னீர்களே, அடுத்த தடவையும் உங்களிடமே வருகிறேன் என்றார். அதற்கப்புறம் நிலவழகன் கத்துவதை நிறுத்திக்கொண்டார். வெறும் கரைசலும் வரிசைக்குள் திரும்பி வந்தது. ஆனால் நுஸைபாவிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஷர்லிக்கு அவளே போன் செய்தாள். குப்பியைப் பற்றிச் சொன்னாள். ஊசியைப் பற்றிச் சொன்னாள். திரும்ப வந்துவிடு என்றாள்.

"வரலக்கா," என்றாள் ஷர்லி.

"ஒன் மேல தப்பே இல்லைன்னு ஆயிருச்சே, புள்ள."

"எனக்கு அது அன்னைக்கே தெரியும்க்கா. கண்டுபிடிச்சுத்தான் தெரியணும்னு இல்ல. திருச்சில ஒரு மருந்துக் கம்பெனில கூப்புட்டுருக்காங்க. ஆனா சார் குடுத்த லெட்டர்ல கவனக்குறைவால நீக்கம்னு இருக்கு. அத வச்சுக்கிட்டு எங்கயும் போக முடியாது. அந்த வரிய எடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அந்த வரியை எடுக்க வைப்பதற்கு நுஸைபா மறுபடியும் மாடிக்கு ஏறினாள். நிலவழகன் நீக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, பார்க்கலாம் என்றார். அவள் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். போனில் பேசினார், தேநீர் குடித்தார், கோப்பைப் புரட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் புதிய கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தூக்கிப் போட்டார். ஆய்வகத்திலேயே நல்ல கை அதோடு ஆவூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறிவிட்டது. நுஸைபாவுக்கு அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

ரத்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு செவந்தி வீட்டுக்கு அவள் தானே போனாள். கொட்டகையில் அடுப்பு மூட்டாமல் கிடந்தது. பாகு காய்ச்சும் சட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். செவந்தி கடிதத்தை வாங்கிப் படித்தாள். முழுதும் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"என்ன எழுதிருக்குன்னு வாயால சொல்லு."

"கருவாட்டுக் குழம்புல கெடந்த கரண்டியைக் கழுவாம அப்படியே பாயசத்துல விட்டா எப்படி இருக்கும்? அதுதான் நடந்துச்சுங்க. ஒங்களுக்கு முன்னால ஒரு கெட்டுப்போன புண்ணாக்கு ஓடுச்சு. ஊசியைக் கழுவாம ஒங்க மிட்டாயில விட்டுட்டோம். ஒங்க மிட்டாயில ஒண்ணுமே இல்ல."

"இது எங்க வீட்டு அடுப்படியில நிக்கிற சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே! இது தெரியாமயா இம்புட்டுப் பெரிய மிஷின வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஆமா," என்றாள் நுஸைபா.

செவந்தி அந்த ஒற்றைச் சொல்லை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கடிதத்தை மடித்து நீட்டினாள்.

"இத வச்சு நான் எந்த வாயை அடைக்கிறது? நஞ்சுன்னு வந்தது ஊரு பூரா போச்சு. இல்லைன்னு வர்றது எங்க வீட்டு அலமாரியிலயா இருக்கணும்? கெளம்பு. கடை கடையா வந்து நீயே சொல்லு."

"வாங்க, போவோம்."

முதலில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த செல்லமுத்து கடைக்குப் போனார்கள். ரிப்போர்ட் படத்தை வாட்ஸ்அப்பில் அதிகம் பேருக்கு அனுப்பியவர் அவர்தான். பூ மார்க்கெட்டுக்கு வந்த கூட்டம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. நுஸைபாவுக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் உள்ளே இருந்த கோபம் குரலைப் பிடித்து நிறுத்தியது.

"நஞ்சு இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்தது நாந்தான். என் பேரு நுஸைபா. அது தப்பான ரிப்போர்ட். இவங்க மிட்டாயில ஒரு கேடும் இல்ல. எங்க மிஷின்தான் அழுக்கா இருந்துச்சு. அந்தப் படத்தை யாரெல்லாம் அனுப்புனீங்களோ, இந்தக் கடிதத்தையும் அவங்களுக்கெல்லாம் அனுப்புங்க."

செல்லமுத்து கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவந்தியைப் பார்த்து அசடு வழிந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் செவந்தி. கேக்குற ஜனத்துக்காகத்தான்... சரி, ரெண்டு பாக்கெட் குடுத்துட்டுப் போ. போகுதான்னு பாப்போம்."

"ரெண்டு பாக்கெட்டா?" செவந்தி கல்லாப் பலகையில் கையை ஊன்றினாள். "எப்பவும் எடுக்குற பெட்டிய எடுக்குறதுன்னா எடு. இல்லைன்னா அந்தப் பலகையில எம் மிட்டாயே இருக்க வேணாம். மொதல்ல போனை எடு. கடுதாசியப் படம் புடி. நான் பாக்க அனுப்பு."

செல்லமுத்து போனை எடுத்தார். படம் ஆடி விழுந்தது. செவந்தி திரும்ப எடுக்கச் சொன்னாள். இரண்டாவது படம் தெளிவாக விழுந்தது. ஒவ்வொரு குழுவாக அவர் அனுப்பி முடிக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு செவந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த கடையைப் பார்த்து நடந்தாள். நுஸைபா கடிதத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். அந்தத் தெருவில் இன்னும் நிறையக் கடைகள் இருந்தன.